பழைய நடிகர்களை ஒப்பிட்டுப் பார்க்கப் பழகுவது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பொங்கல் விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகள் கேட்டாள்: "மாமா, பழைய படமெல்லாம் பார்க்கலாம்னு இருக்கேன். எங்கிருந்து ஆரம்பிக்கட்டும்? சிவாஜியா, எம்.ஜி.ஆரா?" நான் வாயைத் திறப்பதற்குள் திண்ணையில் இருந்த பெரியவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். அரை மணி நேரம் கழித்து அவள் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். எனக்கு அது பெரிய வருத்தம். ஆசையாக வந்த ஒரு பிள்ளையை நாம் வாசலிலேயே திருப்பி அனுப்பியது போல இருந்தது. அன்று ராத்திரி அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

அடிப்படை இதுதான்: ஆளை ஆளோடு வைத்துப் பார்க்காதீர்கள், காட்சியைக் காட்சியோடு வைத்துப் பாருங்கள். கல்யாண வீட்டில் இரண்டு சமையல்காரர்களுக்கு ஒரே சாமான் பட்டியலைக் கொடுத்தால் இரண்டு ருசியில் சாம்பார் வரும். யாருடைய கைமணம் எப்படி என்று அப்போதுதான் தெரியும். நடிப்பும் அப்படித்தான். ஒரே மாதிரி வேலையை இரண்டு பேர் செய்யும் இடத்தைத் தேடிப் பிடித்துவிட்டால் பாதி ஒப்பீடு தானாகவே நடந்துவிடும்.

தொடங்குவதற்கு முன்

முழுப் படமாகப் பாருங்கள். நறுக்கிப் போட்ட துண்டுக் காட்சியில் நடிகர் உச்சத்தில் இருக்கிற இரண்டு நிமிடம் மட்டும்தான் இருக்கும். அந்த உச்சிக்கு அவர் எப்படி ஏறி வந்தார் என்பது தெரியாது. அது தெரியாமல் பார்த்தால் எவர் நடிப்பும் கத்தலாகத்தான் படும்.

கறுப்பு வெள்ளைப் படத்தைக் கறுப்பு வெள்ளையிலேயே பாருங்கள். தெலுங்கு 'மாயாபஜார்' 2010-இல் வண்ணம் பூசி வெளிவந்தது. நான் பழைய பிரதிக்குத்தான் ஓட்டுப் போடுவேன். மார்கஸ் பார்ட்லி போன்ற ஒளிப்பதிவாளர்கள் ஒரு முகத்தில் எங்கே நிழல் விழ வேண்டும், கண்ணில் எவ்வளவு வெளிச்சம் தங்க வேண்டும் என்று கறுப்பு வெள்ளைக்காகவே விளக்கு வைத்தவர்கள். நடிகரின் பாதி வேலை அந்த நிழலில் இருக்கிறது. அப்புறம், முடிந்தால் ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். கையில் ஒரு நோட்டு.

1. எந்தப் பட்டறையில் இருந்து வந்தவர் என்று பாருங்கள்

இதைத் தெரிந்துகொள்ளாமல் பலரும் முதல் பத்து நிமிடத்திலேயே 'ஓவர் ஆக்டிங்' என்று சொல்லி எழுந்துவிடுகிறார்கள்.

சிவாஜி கணேசனும் எம்.ஜி.ஆரும் சின்ன வயதிலேயே பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் சேர்ந்தவர்கள். அன்றைய கொட்டகையில் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கிறவருக்கும் வசனம் கேட்க வேண்டும், முகம் தெரிய வேண்டும். அதனால் புருவம் உயர்வதில் தொடங்கி கை வீசுவது வரை எல்லாமே ஒரு பங்கு பெரிதாகத்தான் பழகியிருப்பார்கள். ஸ்த்ரீபார்ட் (பெண் வேடம்) போட வேண்டும், ராஜபார்ட் (ராஜா, கதாநாயகன் வேடம்) போட வேண்டும், பாட வேண்டும், கத்தி வீச வேண்டும். வி.சி.கணேசன் என்ற இளைஞர் சிவாஜி கணேசன் ஆனதே அண்ணா எழுதிய நாடகத்தில் மராட்டிய மன்னர் சிவாஜியாக நடித்ததைப் பார்த்துப் பெரியார் அப்படிப் பாராட்டியதால்தான். அதாவது அவர் பெயரிலேயே மேடை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஜெமினி கணேசன் வந்த வழி வேறு. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் வேதியியல் துறையில் வேலை பார்த்தவர், பிறகு ஜெமினி ஸ்டுடியோவில் நடிகர்களைத் தேர்ந்தெடுக்கும் பிரிவில் சேர்ந்தார். 1947-இல் 'மிஸ் மாலினி'யில் சின்ன வேடம். கடைசி வரிசைக்குக் குரல் எட்ட வேண்டிய கட்டாயம் அவருக்கு வந்ததே இல்லை. அவருக்கு எதிரே இருந்தது நாலடி தூரத்துக் கேமரா. அதனால் வீட்டுக்குள் பேசுவது போலப் பேசினார். இதை ஒரு சாரார் மென்மை என்றார்கள், இன்னொரு சாரார் 'சாம்பார்' என்று கிண்டல் செய்தார்கள். இன்றைக்கு நடிப்பில் நாம் எதிர்பார்க்கும் இயல்பு அவரிடம் அப்போதே நிறைய இருந்தது என்பது என் எண்ணம்.

மேடையில் இருந்து வந்தவருக்கு அடக்கி நடிக்கத் தெரியாது என்றும் முடிவு கட்டிவிட வேண்டாம். 'பராசக்தி' 1952. இரண்டே வருடத்தில், 1954-இல், 'அந்த நாள்'. எஸ்.பாலசந்தர் இயக்கியது, பாட்டே கிடையாது. நாட்டைக் காட்டிக்கொடுக்கும் ரேடியோ இன்ஜினியராகச் சிவாஜி வருகிறார். 'பராசக்தி' பார்த்த மறுநாள் இதைப் போட்டுப் பாருங்கள். எந்தப் படத்துக்கு எவ்வளவு தேவை என்று அந்த வயதிலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

2. ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்

'பராசக்தி'யின் நீதிமன்றக் காட்சியை எல்லோரும் பார்த்திருப்போம். இந்த முறை பார்க்க வேண்டாம், கேட்க மட்டும் செய்யுங்கள். கலைஞரின் நீண்ட நீண்ட வாக்கியங்கள். சிவாஜி எங்கே மூச்சு எடுக்கிறார் என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை. தொடக்கத்தில் குரலைச் செலவழிக்காமல் சேர்த்து வைக்கிறார். படிப்படியாக ஏற்றுகிறார். ஒரு இடத்தில் சட்டென்று இறக்கி, மறுபடி ஏற்றுகிறார். வசனத்தின் தாளம் கொஞ்சம்கூடக் கலைவதில்லை. அது முதல் படம் என்பதை நினைத்துக்கொண்டு கேட்டால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

உடனே 1954-இல் வந்த 'ரத்தக்கண்ணீர்'. எம்.ஆர்.ராதாவின் குரலை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டைக் குரலில் தொடங்கிய வாக்கியம் நடுவில் கீச்சுக் குரலுக்குத் தாவும், முடியும்போது இழுத்துக்கொண்டே தேய்ந்து போகும். சிவாஜி வசனத்தின் தாளத்தைக் காப்பாற்றுகிறார் என்றால், ராதா அதை வேண்டுமென்றே உடைக்கிறார். எழுதி வைத்த வசனம் என்ற நினைப்பே நமக்கு வருவதில்லை, இந்த நிமிடம் அவருக்குத் தோன்றியதைச் சொல்கிறார் என்றே படுகிறது. இந்த இரண்டு குரலும் மோதுவதைக் கேட்க 'பலே பாண்டியா' (1962) இருக்கிறது. அதில் சிவாஜிக்கு மூன்று வேடம், ராதாவுக்கு இரண்டு வேடம்.

காதுக்கு இன்னொரு பயிற்சி டி.எம்.சௌந்தரராஜன். 1954-இல் 'தூக்குத்தூக்கி'யில் சிவாஜிக்குப் பாடினார், அதே ஆண்டு 'மலைக்கள்ளன்' படத்தில் எம்.ஜி.ஆருக்குப் பாடினார். அதன் பிறகு பல வருடங்கள் இரண்டு பேருக்கும் அவர்தான். பாட்டை மட்டும் ரேடியோவில் கேட்டாலும் இது யாருக்கான பாட்டு என்று எங்கள் தெருவில் எல்லோரும் சொல்லிவிடுவார்கள். சிவாஜிக்கு அடிவயிற்றில் இருந்து வரும் கனத்த குரல். எம்.ஜி.ஆருக்கு அதையே கொஞ்சம் மேலே தூக்கி, மூக்கை ஒட்டி, கூர்மையாக எடுப்பார். நம் எல்லோரையும்விட நெருக்கமாக அந்த இருவரையும் ஒப்பிட்டவர் டி.எம்.எஸ்.தான். அவரைக் கேட்டாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

3. அடுத்து, சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள்

இது எம்.ஜி.ஆருக்காக. அவரை வசனத்தால் எடை போடுகிறவர்கள் ஏமாந்து போவார்கள். அவருடைய திறமை உடம்பில் இருக்கிறது. 'ரிக்‌ஷாக்காரன்' (1971) படத்தில் ரிக்‌ஷாவில் இருந்தபடியே கம்பு சுற்றும் சண்டையை ஒலியில்லாமல் பாருங்கள். சிலம்பம் முறையாகப் பழகிய மணிக்கட்டு அது. அடிக்கும்போதும் முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கிறதே, அதையும் கவனியுங்கள். எதிரே நிற்பவனுக்காக மட்டும் அது வரவில்லை. தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருக்கிறவரிடம் 'கவலைப்படாதே, நான் இருக்கிறேன்' என்று சொல்லும் சிரிப்பு.

'அடிமைப்பெண்' (1969) முதல் பகுதியை நான் எல்லோருக்கும் சிபாரிசு செய்வேன். நிமிர்ந்து நிற்க முடியாத சின்னச் சிறையிலேயே வளர்ந்தவன், முதுகு கூன், பேச்சு தெரியாது, உலகம் தெரியாது. அந்த வேங்கையன் நிமிர்வது வரைக்கும் உள்ள எம்.ஜி.ஆரைப் பார்த்தால் 'அவருக்கு நடிக்கத் தெரியாது' என்ற பேச்சு நின்றுவிடும். 1967 ஜனவரி 12 அன்று கழுத்தில் குண்டு பாய்ந்து அவருடைய குரல் மாறிப்போயிருந்தது. அப்போதும் வேறு ஒருவரைப் பேச வைக்காமல் அந்தக் குரலிலேயே தொடர்ந்து நடித்தார். முன்னும் பின்னும் ஒவ்வொரு படம் பார்த்தால் தெரியும்: வார்த்தை செய்ய வேண்டிய வேலையில் கொஞ்சத்தை இப்போது கையும் கண்ணும் எடுத்துக்கொள்கின்றன.

4. ஒரே வேலையை வெவ்வேறு ஆள் செய்த இடங்கள்

ஒப்பீட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 1964-இல் தெலுங்கில் 'ராமுடு பீமுடு' வந்தது. என்.டி.ராமாராவுக்கு இரட்டை வேடம், ஒருவன் கோழை, ஒருவன் துணிந்தவன். அடுத்த ஆண்டே தமிழில் 'எங்க வீட்டுப் பிள்ளை', எம்.ஜி.ஆர். 1967-இல் இந்தியில் 'ராம் அவுர் ஷ்யாம்', திலீப் குமார். மூன்றையும் இயக்கியவர் ஒரே ஆள், தாபி சாணக்யா. கதை ஒன்று, இயக்குநர் ஒருவர், நடிகர் மட்டும் மூன்று பேர். ஒப்பிடக் கற்றுக்கொள்கிறவருக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை.

துணிந்தவனை விட்டுவிடுங்கள், கோழையை மட்டும் பாருங்கள். திலீப் குமாரிடம் பயம் உள்ளேயே இருக்கிறது. வார்த்தை தொண்டைக்கு வந்து திரும்பிப் போகிறது. அந்த மனிதனுக்காக நமக்கு மனம் கனக்கிறது. எம்.ஜி.ஆரின் ராமு தோளைக் குறுக்கிக்கொண்டு, கையை மார்பை ஒட்டி வைத்துக்கொண்டு, நம்பியாரின் சவுக்குக்கு முன்னால் சுருண்டு போகிறார். ஆனால் கொட்டகையில் இருந்த ஒவ்வொருவருக்கும் துணிந்தவன் இளங்கோ வரப்போகிறான், அதே சவுக்கு கை மாறப்போகிறது என்று தெரியும். எம்.ஜி.ஆருக்கும் அது தெரியும். அவர் ராமுவை எவ்வளவு தாழ்த்துகிறாரோ அவ்வளவு உயரத்துக்கு அந்தச் சவுக்குப் பாட்டு போகிறது. திலீப் குமார் ஒரு மனிதனை நடித்தார், எம்.ஜி.ஆர். ஒரு காத்திருப்பை நடித்தார் என்றுதான் எனக்குத் தோன்றும். இரண்டுக்கும் திறமை வேண்டும்.

'மிஸ்ஸியம்மா'வும் (1955) இதேபோல உதவும். எல்.வி.பிரசாத் தெலுங்கிலும் தமிழிலும் எடுத்தார். இரண்டிலும் சாவித்திரிதான் கதாநாயகி. எதிரே தெலுங்கில் ராமாராவ், தமிழில் ஜெமினி. எதிரே நிற்பவர் மாறும்போது சாவித்திரி எங்கே மாறுகிறார் என்று தேடிப் பாருங்கள்.

கதை வேறாக இருந்தாலும் உணர்ச்சி ஒன்றாக இருந்தால் போதும். பறிகொடுத்த துக்கம் என்று வைத்துக்கொள்வோம். 'பாசமலர்' (1961) முடிவில் பார்வை போன அண்ணன் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தைப் பாட்டைச் சொல்லி அழுகிற காட்சி. எங்கள் பாட்டி அதை எத்தனை முறை பார்த்தாலும் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார். அதற்குப் பக்கத்தில் 'கல்யாணப் பரிசு' (1959) முடிவை வையுங்கள். காதலித்தவளின் கல்யாணத்துக்குத் தன் குழந்தையையே பரிசாகக் கொடுத்துவிட்டு ஜெமினி நடந்து போகிறார். முன்னதில் துக்கம் முழுவதும் வெளியே கொட்டப்படுகிறது, நமக்கு எதுவும் மிச்சம் வைக்காமல் அழ வைக்கிறார். பின்னதில் நடக்கிற முதுகு மட்டும்தான் தெரிகிறது, மீதியை நாம் சுமந்துகொண்டு வீட்டுக்கு வருகிறோம். எது உங்களை அதிகம் தொட்டது என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து உங்கள் பதில் மாறியிருக்கலாம்.

5. பேசாமல் இருப்பவரைப் பாருங்கள்

'காதலிக்க நேரமில்லை' (1964). படம் எடுக்கத் துடிக்கும் மகன் நாகேஷ், அப்பா டி.எஸ்.பாலையாவை உட்கார வைத்துப் பேய்க் கதை சொல்கிறார். தமிழர்கள் எல்லோருக்கும் மனப்பாடமான காட்சி. இதைப் பயிற்சிக்காக மூன்று முறை பாருங்கள்.

முதல் முறை சும்மா சிரிப்பதற்கு. இரண்டாவது முறை பாலையாவைக் கையால் மறைத்துக்கொண்டு நாகேஷை மட்டும். கதவுச் சத்தம், காற்று, காலடி என்று எல்லாவற்றையும் தன் உடம்பாலும் தொண்டையாலும் அவரே உண்டாக்குகிறார். ஒல்லி உடம்பு வில் மாதிரி வளைந்து நிமிர்கிறது. மூன்றாவது முறை நாகேஷை மறைத்துவிட்டுப் பாலையாவை மட்டும் பாருங்கள். முதலில், இந்தப் பயல் என்ன சொல்லிவிடப் போகிறான் என்ற அலட்சியம். கொஞ்சம் கொஞ்சமாகக் கதைக்குள் இழுக்கப்படுகிறார். கண் விரிகிறது. உடம்பு நாற்காலியோடு ஒடுங்குகிறது. பெரிய மனுஷன் என்ற மிடுக்கை விடவும் மனமில்லை, பயத்தை அடக்கவும் முடியவில்லை. நாகேஷ் என்னதான் செய்தாலும் அந்தப் பயத்தை நமக்குள் கொண்டுவந்து சேர்ப்பது பாலையாவின் முகம்தான். அவரை எடுத்துவிட்டால் அந்தக் காட்சியே இல்லை.

பாலையா இப்படித்தான் எங்கே போனாலும் அடுத்தவர் நடிப்பைத் தாங்கிப் பிடிப்பார். 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தில் தவில்காரர். 'நலந்தானா' பாட்டில் பத்மினி ஆடிக்கொண்டே விசாரிக்கிறார், சிவாஜி நாகஸ்வரத்தை வாயில் இருந்து எடுக்காமலேயே கண்ணால் பதில் சொல்கிறார். வாசித்தது எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். ஆனால் கன்னம் உப்புவதும் கழுத்து நரம்பு புடைப்பதும் விரல் நகர்வதும் சிவாஜி. இந்த இருவரையும் பார்த்து முடித்த பிறகு, நடுவில் தவிலோடு உட்கார்ந்து இரண்டு பேருக்காகவும் உருகும் பாலையாவைப் பாருங்கள்.

'திருவிளையாடல்' (1965) தருமி காட்சியிலும் இதே முறைதான், ஆனால் தலைகீழ். அங்கே நாகேஷ் துள்ளித் துள்ளிக் கேள்வி கேட்கிறார், சிவாஜி சுருக்கமாகப் பதில் சொல்லிவிட்டு நிற்கிறார். படத்தின் நாயகன், சிவபெருமானாக வேறு வந்திருக்கிறார், நினைத்தால் காட்சியைத் தன் பக்கம் இழுத்திருக்கலாம். இழுக்கவில்லை. விட்டுக்கொடுப்பதும் ஒரு திறமை என்று நோட்டில் தனியாக ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்.

6. சாவித்திரிக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள்

பழைய நடிகர்களை ஒப்பிடும் பேச்சு பெரும்பாலும் ஆண்களோடு முடிந்துவிடுகிறது. எனக்கு இது நெடுநாள் ஆதங்கம். 'மாயாபஜார்' (1957) ஒன்றே போதும், ஏன் என்று புரிய.

எஸ்.வி.ரங்கராவ் கடோத்கஜன். கதாயுதத்தோடு அவர் அசைந்து வரும் நடையையும், அந்தச் சிரிப்பையும், சாப்பாட்டுப் பாட்டில் குழந்தை மாதிரி குதூகலிப்பதையும் நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே கடோத்கஜன் மாயத்தால் மணப்பெண் வத்சலாவின் உருவம் எடுத்து அரண்மனைக்குள் போகிறான். இப்போது திரையில் இருப்பது சாவித்திரி. ஆனால் அவர் நடிக்க வேண்டியது வத்சலாவை அல்ல, வத்சலாவாக நடிக்கிற ரங்கராவை! ஆள் பார்க்கும்போது தலை குனிந்து நாணம். ஆள் திரும்பியதும் தோள் விரிகிறது, நடையில் அரக்கனின் மிதப்பு வருகிறது. யாராவது வரும் சத்தம் கேட்டால் அந்த அகலம் நொடியில் மடங்கி மறுபடி நாணம். மாப்பிள்ளையின் காலை மிதிக்கும்போது முகத்தில் இருப்பது பெண்ணின் குறும்பே இல்லை, காட்டில் வளர்ந்தவனின் சந்தோஷம். ஒரு நடிகை இன்னொரு நடிகரை இவ்வளவு கூர்ந்து பார்த்து உள்வாங்கி, அதைத் தன் உடம்பின் அளவுக்குத் தைத்துப் போட்டுக்கொண்டதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் ஒப்பீட்டை அவர் நடிப்பாகவே செய்து காட்டிவிட்டார்.

முடிந்தால் அடுத்து 'நவராத்திரி' (1964). சிவாஜிக்கு ஒன்பது வேடம் என்று எல்லோரும் சொல்வார்கள். டாக்டர், கொலைகாரன், தெருக்கூத்துக் கலைஞர் என்று ஒவ்வொருவரும் புது ஆள். அத்தனை பேருக்கும் எதிரே ஈடு கொடுத்து நிற்பவர் ஒரே சாவித்திரி.

7. நோட்டில் என்ன எழுதுவது

நீளமாக வேண்டாம். ஒரு காட்சிக்கு நாலு வரி. பேசுவதற்கு முன் அவர் என்ன செய்தார்? பேசி முடித்த பிறகு கண் எங்கே போனது? கைக்கு என்ன வேலை கொடுத்தார்? அடுத்தவர் பேசும்போது என்ன செய்துகொண்டிருந்தார்? 'அருமை', 'சூப்பர்' என்ற சொற்களை நோட்டுக்குள் விடாதீர்கள். என் அக்கா மகளின் நோட்டில் முதல் பதிவு இது: "ஜெமினி. நின்னு பேசுறப்போ கை எங்கே வைக்கிறதுன்னு யோசிக்கவே இல்ல. சிவாஜி எப்பவும் கையில ஏதாவது வச்சுக்கிறார், துண்டு, கண்ணாடி." இருபது வயதுப் பெண், இரண்டாவது படத்திலேயே.

நட்சத்திரத்துக்கு என்று ஒரு வேலி இருந்ததையும் கணக்கில் எடுங்கள். எம்.ஜி.ஆர். பெரும்பாலும் திரையில் குடிக்கிறவனாக வர மாட்டார். ரசிகர்களுக்குக் கொடுத்த வாக்கு மாதிரி அதைக் காப்பாற்றினார். சிவாஜிக்கு அந்த வேலி இல்லை. இருவரும் சேர்ந்து நடித்த ஒரே படமான 'கூண்டுக்கிளி'யில் (1954) நண்பனின் மனைவி மேல் ஆசைப்படும் பாத்திரத்தை எடுத்துக்கொண்டவர் சிவாஜி. எம்.ஜி.ஆர். ஏன் குடிகாரனாக நடிக்கவில்லை என்று கேட்டு மதிப்பெண் குறைப்பது, செய்யாத வேலைக்குக் கூலி பிடிப்பது போல. செய்த வேலையைப் பாருங்கள்.

எந்த வரிசையில் பார்ப்பது

முதல் வாரம் 'பராசக்தி', 'அந்த நாள்'. இரண்டாவது வாரம் 'எங்க வீட்டுப் பிள்ளை', 'அடிமைப்பெண்'. மூன்றாவது வாரம் 'பாசமலர்', 'கல்யாணப் பரிசு'. இதில் மனம் கனத்துவிடும், அதனால் நடுவில் 'காதலிக்க நேரமில்லை' போட்டுக்கொள்ளுங்கள். நான்காவது வாரம் 'மாயாபஜார்'. மற்றபடி வாரத்துக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம், ஒன்றோடு ஒன்று கலந்துவிடும்.

இவையெல்லாம் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை 'முதல் மரியாதை' (1985), அடுத்த ஞாயிறு 'தேவர் மகன்' (1992). நீதிமன்றத்தில் முழங்கிய அதே மனிதர் முப்பது, நாற்பது வருடம் கழித்து எவ்வளவு மெதுவாகப் பேசுகிறார், எத்தனை இடங்களில் பேசாமலே விட்டுவிடுகிறார் என்று பாருங்கள். பார்த்துவிட்டு அன்றே 'பராசக்தி'யின் அந்தக் காட்சியை மறுபடி போடுங்கள், இந்த முறை கண்ணைத் திறந்துகொண்டு.